பெயரும் பொருளும்

கல்லூரி முதலாண்டு உயிரியல் வகுப்பில், தமிழ்வழியில் பயின்று வந்த மாணவர் பலர் வாய்மூடி அமர்ந்திருப்பர். அம்மௌனத்தை அறியாமை எனக் கொள்வது தவறு. செல்லையும் திசுவையும் உறுப்பையும் அவர்கள் பள்ளியிலேயே கற்றவர்கள். அவர்களைத் தடுப்பது பாடமன்று, பாடத்தில் வரும் ஆங்கிலப் பெயர்களே.

'மைட்டோகாண்ட்ரியா' என்னும் பெயரை 1898இல் கார்ல் பெண்டா என்னும் ஜெர்மானிய அறிஞர் சூட்டினார். கிரேக்கத்தில் அதன் முற்பகுதி இழையையும் பிற்பகுதி சிறுமணியையும் குறிக்கும். நுண்ணோக்கியில் கண்ட உருவமே பெயராயிற்று. தமிழ் அதனை 'இழைமணி' என்கிறது. அயற்சொல்லை மனப்பாடம் செய்தவர்க்குப் புலப்படாத உருவம், தமிழ்ச்சொல்லைக் கேட்ட அளவிலேயே கண்முன் நிற்கிறது.

ஆய்வுலகின் மொழி ஆங்கிலம். அதனைக் கற்றே ஆகவேண்டும் என்பர். உண்மையே. எனினும் பொருளை உணர்ந்தவர்க்குப் பிறமொழிப் பெயரைக் கற்பது எளிது. பெயரை மட்டும் கற்றவர் பொருளை அடைவது அரிது. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில், அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். உடற்கூற்று நூலையும் தமிழில் தந்தார்.

எனவே முதலாண்டு வகுப்பில் ஆசிரியர் இருமொழிப் பெயர்களையும் அருகருகே எழுதுதல் வேண்டும். நுண்ணோக்கியின்கீழ் வெங்காயத்தோலின் செல்கள் செங்கல் அடுக்கெனத் தோன்றும். அக்காட்சி எந்த மொழியில் பயின்றவர்க்கும் ஒன்றே. கண்டதைத் தாம் அறிந்த மொழியில் சொல்ல இடந்தந்தால், வாய்மூடி இருந்தவர் வினா எழுப்புவர். கல்லூரி அம்மாணவர்க்குச் செய்யவேண்டிய முதற்கடமை அதுவே.