கரைக்கு வாராத சிகிச்சை

புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை 2003இல் ஏற்ற இலங்கை, 2006இல் சட்டமும் இயற்றிற்று. இவற்றாற் கற்பிட்டிக் கரைவலைத் தொழிலாளி கண்ட பயன் யாது? அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு இயங்கும் காலைப்பொழுதில் அவன் வலை இழுக்கின்றான். ஒருநாட் கூலியை இழந்து சென்றாலும் பெரும்பாலும் கிட்டுவது, புகைத்தலை விடு என்னும் உபதேசமே. நீரிழிவு நோயாளிக்கு மாதந்தோறும் மருந்தும் மறுவருகைத் திகதியும் வழங்கும் அதே வைத்தியசாலை, நிக்கொட்டின் அடிமைத்தனத்தை மட்டும் ஒழுக்கக்கேடாக நோக்குவதேன்? நிக்கொட்டின் ஒட்டுப்பட்டையை உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்துவிட்டது; பீடி புகைக்கும் தொழிலாளிக்கோ மனவுறுதியே மருந்தாம்! (காசு கொடுத்து வாங்கட்டும் என்பாரும் உளர், அவர் வாடியின் வாசலை மிதித்தறியார்.) 1948 என்ற இலக்கத்தை அழைத்து ஆலோசனை பெறலாம், நன்று. ஆயினும் தொலைபேசி மருந்து தராது. வலை காயும் மாலையில் சிகிச்சை நிலையம் மருந்தோடு வாடிகளுக்கே செல்லட்டும். விட்டவன் மீண்டும் பற்றவைத்தாலும் அடுத்த மாதத் திகதியை அவனுக்கு எழுதிக் கொடுக்கட்டும்.