குறியீடு பொருளுக்கு, கூலி யாருக்கு?
தாவரப் பட்டையில் பதனிட்ட தோல் என்று சொல்லிக் கைப்பைக்குக் கூடுதல் விலை கேட்கும் விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம், எனக்குத் திண்டுக்கல், வாணியம்பாடிப் பக்கத்துப் பழைய தொட்டிகள்தான் நினைவுக்கு வருகின்றன. சுண்ணாம்பில் ஊறிய ஆட்டுத்தோலின் முடியைக் கழித்து, சதையைக் கத்தியால் சீவி, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, கடைசியில் கடுக்காய் நீரில் போட்டெடுப்பார்கள். பதம் வந்ததா என்று அறியக் கருவி ஏதும் இல்லை. ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு. வெட்டிய இடம் முழுக்க ஒரே நிறமென்றால் சரி. நடுவில் வெளிறிய கோடு ஓடினால் மறுபடியும் தொட்டிக்குத்தான். குரோமிய உப்பு வந்ததும் வாரங்கள் ஓரிரு நாளாகச் சுருங்கின. ஆனால் பாலாற்றங்கரையில் தோல் கழிவால் கிணறுகள் கெட்ட கதை 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவானது. பட்டைப் பதத்திலும் உப்பும் சுண்ணாம்பும் உண்டு, மறுக்கவில்லை. அந்தச் சுண்ணாம்பில் கை வெந்தவர்களைத்தான் சாதி சொல்லி ஒதுக்கிவைத்த ஊர் இது. இன்று அதே பட்டைப் பதத் தோல் ‘ஈ.ஐ. தோல்’ (ஈஸ்ட் இந்தியா தோல்) என்ற பெயரில் புவிசார் குறியீட்டோடு நிற்கிறது. அந்த வெட்டைப் பார்த்துப் பதம் சொல்லும் தொழிலாளிக்குக் கைவினைஞர் என்ற மரியாதையும், கூடுதல் விலையில் நியாயமான பங்கும் தராதவரை, இந்தப் பாரம்பரியத்தைப் பற்றிப் பெருமை பேச நமக்கு உரிமை கிடையாது.