பிறர் பிழை திருத்தல்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

உலகில் மிக எளிய வேலை எது என்று கேட்டால், அடுத்தவர் சொன்னது தவறு என்று சொல்வதுதான் என்பேன். மிகக் கடினமான வேலை எது என்று கேட்டால், அவரே அதைத் தவறென்று உணர்ந்து மாற்றிக்கொள்ளும்படி செய்வது என்பேன். முதல் வேலைக்கு நாக்கு இருந்தால் போதும். இரண்டாவதற்கு அறிவு வேண்டும்; பொறுமை வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரில் நிற்பவர் மீது மரியாதை வேண்டும். முதலாவதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இரண்டாவதைக் கற்றுத்தரும் தாள் நம் பாடத்திட்டத்தில் எந்தப் பருவத்திலும் இல்லை. ஆகவேதான் அதைப் பற்றி இம்மலரில் நான்கு வார்த்தை எழுதத் துணிந்தேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்போடு ஏர் பிடிக்கப் போனவர். அம்மா கையெழுத்துப் போடுவதற்காக மட்டும் எழுத்துக் கற்றவர். இத்தகைய வீடுகளிலிருந்து வந்தவர்கள் இக்கல்லூரியில் பலர் உண்டு. நாம் படிக்கப் படிக்க, வீட்டிலும் ஊரிலும் காலங்காலமாகச் சொல்லி வரும் செய்திகளில் சில உண்மையல்ல என்பது தெரியத் தொடங்குகிறது. எடுத்துச் சொன்னால், "நாலு எழுத்துப் படித்ததும் திமிர் வந்துவிட்டது" என்கிறார்கள். சொல்லாமல் இருந்தால், இத்தனை பாடுபட்டுப் படித்த படிப்பு யாருக்குப் பயன்? இருதலைக் கொள்ளி எறும்பின் நிலைதான் முதல் தலைமுறை மாணவரின் நிலை. எனவே, எப்போது திருத்துவது, எப்படித் திருத்துவது என்பது நமக்கு வெறும் நாகரிகப் பிரச்சினை அன்று. வீட்டாரோடு வாழும் வாழ்க்கைப் பிரச்சினை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எல்லாப் பிழைகளுக்கும் ஒரே எடை கிடையாது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1010-ஆம் ஆண்டில் இராசராச சோழன் கட்டி முடித்த அந்த விமானம் ஏறத்தாழ 60 மீட்டர் உயரமுடையது. அதன் அடித்தளம் பக்கத்துக்கு 30 மீட்டர் அளவில் அமைந்தது. கீழே அகன்று மேலே குறுகிச் செல்வது. சூரியன் நேர் தலைக்கு மேல் வரும் சித்திரை, ஆவணி மாதத்து நண்பகல்களில் அதன் நிழல் அதன் அடுக்குகளிலேயே ஒடுங்கிவிடும். அந்த நேரத்தில் பார்த்தவர் நிழலைக் காணவில்லை என்றால் அது பொய்யன்று. ஆனால் மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். நண்பகலிலும் அடிவானத்திலிருந்து 56 பாகை உயரத்துக்குத்தான் ஏறும். கணக்குப் போட்டால், விமானத்தின் நடுவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நிழல் நீண்டு தரையில் விழும். காலை மாலை வேளைகளில் கேட்கவே வேண்டாம்.

சரி, இந்தக் கணக்கை எங்கே சொல்வது? பேருந்தில் முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் தம் பேரனிடம் நிழல் விழாத கோபுரத்தைப் பற்றிப் பெருமையோடு சொல்லி வருகிறார். குறுக்கே பாய்ந்து, பேரன் முன்னால் அவர் முகத்தைச் சுண்ட வைக்க வேண்டுமா? வேண்டியதில்லை. அந்தப் பிழையால் யாருடைய உயிரும் போகப் போவதில்லை. ஆனால் அதே செய்தியை ஒருவர் மேடையேறி நூறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் உண்மை என்று சொன்னால், அங்கே பேசாமல் இருப்பது தவறு. அந்த நூறு பேரும் அதை ஏட்டில் எழுதிக்கொள்வார்கள். அப்போதும், "ஐயா, மார்கழியில் ஒரு நாள் நண்பகலில் பிள்ளைகளை அழைத்துப்போய் வடபுற முற்றத்தில் பார்த்தால் என்ன?" என்று கேட்பதே சிறந்த வழி. சோழர் காலத்துக் கல்தச்சர்களின் பெருமை நிழல் விழாத கதையை நம்பியிருக்கவில்லை. அவ்வளவு கனமான கல்லை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றியதே போதுமான பெருமை.

இனி, உயிர் போகும் பிழைகள் இருக்கின்றன. அவற்றில் தயவு தாட்சண்யம் பார்க்க முடியாது. பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டி, கத்தியால் கீறி, மந்திரிப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பது எங்கள் தாத்தாவின் உறுதியான கொள்கை. நம் நாட்டில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. ஆண்டுக்குச் சராசரி 58,000 உயிர்கள்! இவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற கிராமத்து உழவர் வீட்டு மக்கள். இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கை காலே அழுகிப்போகலாம். கீறினால் இரத்தப் பெருக்கு மிகும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்கும் மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கிறது. அந்த மருந்தைத் தயாரிக்கத் தேவையான நஞ்சை, சென்னைக்கு அருகில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தாரும் எடுத்துத் தருகிறார்கள்.

இவ்வளவையும் தாத்தாவிடம் மூச்சுவிடாமல் ஒப்பித்து, "உங்கள் மந்திரம் மூடநம்பிக்கை" என்று முடித்தால் என்ன நடக்கும்? பேச்சு அத்தோடு நின்றுவிடும். ஏனென்றால் மந்திரித்துப் பிழைத்தவர்களை அவர் தம் கண்ணால் கண்டிருக்கிறார். கண்ணால் கண்டதை இல்லையென்று சொல்பவனை எந்தப் பெரியவர் மதிப்பார்? ஆகவே நான் அவரிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "பிழைத்தவர்களைக் கடித்தது என்ன பாம்பு தாத்தா?"

தாத்தா வெற்றிலையை மடித்தபடி வெகுநேரம் யோசித்தார். ஒருவரைக் கடித்தது சாரை. இன்னொருவரைத் தண்ணீர்ப்பாம்பு. இரண்டு பேரைக் கடித்ததை யாரும் பார்க்கவில்லை. கட்டுவிரியன் கடித்த ஒருவரை மந்திரித்தும் விடிவதற்குள் பறிகொடுத்ததை அவரே சொன்னார். பெரும்பாலான பாம்புகளுக்கு நஞ்சில்லை என்பதும், நச்சுப் பாம்பேகூடச் சில வேளைகளில் நஞ்சை இறக்காமல் கடிக்கும் என்பதும் அதன் பிறகு அவருக்கு எளிதில் விளங்கிவிட்டன. பாம்புகளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதி எனக்குத் தெரியாது. அவற்றின் நடமாட்டத்தை வரப்பைப் பார்த்தே சொல்வார். அந்த அறிவை வைத்துத்தான் அவர் உண்மைக்கு வந்தார். "முதலில் 108-க்குச் சொல்லு, கடிபட்ட காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, மந்திரிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது இப்போது அவர் ஊராருக்குச் சொல்லும் யோசனை. மந்திரத்தை அவர் விடவில்லை. விட வேண்டுமென்று நானும் வற்புறுத்தவில்லை. வரிசை மாறியது, உயிர் பிழைக்க அது போதும்.

இதிலிருந்து நான் கண்ட முடிவு ஒன்று உண்டு. ஒவ்வொரு தவறான கருத்துக்கும் ஒரு வேர் இருக்கிறது. யாரோ எதையோ கண்டிருக்கிறார்கள். கண்டதற்குத் தவறான காரணம் சொல்லியிருக்கிறார்கள். அந்த வேரைத் தேடாமல் இலையைக் கிள்ளினால், நாம் நகர்ந்ததும் மறுபடி துளிர்க்கும்.

உண்மை நம் பக்கம் இருந்தால் போதாதா, முறை என்ன பெரிய முறை என்று சிலர் கேட்கலாம். அவர்கள் செம்மல்வைஸ் என்ற மருத்துவரின் வரலாற்றைப் படிக்க வேண்டும். 1847-இல் வியன்னா பொது மருத்துவமனையில், பிணங்களை அறுத்துப் பார்த்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்ப்பதுதான் தாய்மார்களின் காய்ச்சலுக்குக் காரணம் என்று அவர் கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவச் செய்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் இறந்த பிரிவில், சில மாதங்களில் இறப்பு நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது. இதைவிடப் பெரிய சான்று என்ன வேண்டும்? இருந்தும் பெரும்பாலான மருத்துவர்கள் ஏற்கவில்லை. குற்றம் அவர்களுடையதே. ஆயினும் செம்மல்வைஸ் தம் முழு நூலை வெளியிட 1861 வரை தாமதித்தார். பிறகு தம்மை மறுத்தவர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதங்களில் சாடினார். கொலைகாரன் என்று ஒப்புக்கொண்டு கைகழுவ எந்த மருத்துவருக்கு மனம் வரும்? 1865-இல் மனநோயாளர் இல்லத்தில் அவர் உயிர் பிரிந்தது. அவர் சொன்னது முழுவதும் உண்மை என்று உலகம் ஒப்புக்கொள்ளுமுன் எத்தனை தாய்மார்கள் மாண்டிருப்பார்கள்!

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. உண்மை தெரிந்தும் வாய் திறவாதிருப்பதுதான் அது. சென்னை மாநிலக் கல்லூரி நம்முடையதைப் போல ஓர் அரசுக் கல்லூரி. அங்கே இயற்பியல் படித்த சந்திரசேகர், பத்தொன்பது வயதில் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். எரிந்து முடிந்த விண்மீன் ஒன்று வெண்குள்ளனாக நிலைத்திருக்க வேண்டுமானால் அதன் நிறை சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் இருக்க முடியாது என்று கண்டார். 1935 ஜனவரி 11 அன்று இலண்டன் அரச வானியல் கழகத்தில் அவர் இதைச் சொல்லி அமர்ந்ததும், அக்காலத்தின் மாபெரும் வானியலறிஞரான எடிங்டன் எழுந்து அதை நையாண்டி செய்தார். அவை சிரித்தது. எடிங்டன் சொன்னது தவறு. அதைத் தனியே ஒப்புக்கொண்ட பெரிய இயற்பியலாளர்கள் இருந்தார்கள். அவையில் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. இருபத்து நான்கு வயது இளைஞர் தனியாக நின்றார். பதிலுக்கு அவர் வசைபாடவில்லை. தம் கணக்கை முழுமையாக நூலில் எழுதி 1939-இல் வெளியிட்டுவிட்டு வேறு ஆய்வுக்குச் சென்றார். 1983-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அதற்கு முந்திய ஆண்டு, எடிங்டனின் நூற்றாண்டையொட்டிக் கேம்பிரிட்ஜில் சொற்பொழிவாற்றி, தம்மை நகையாடிய அதே மனிதரின் அறிவியல் பணியைப் போற்றியவரும் அவர்தான்.

சந்திரசேகரின் பண்பை வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் எனக்கு அந்த அவையில் சிரித்தவர்களும், சிரிக்காமல் பேசாமல் இருந்தவர்களுமே அதிகம் நினைவுக்கு வருகிறார்கள். ஏனென்றால் அந்த அவை நம் வகுப்பறைகளிலும் இருக்கிறது. கரும்பலகையில் கூட்டல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் குறி விழுந்துவிடுகிறது. பார்த்தவர் பத்துப் பேர். பத்துப் பேரும் அதை அப்படியே ஏட்டில் எழுதிக்கொண்டு, வெளியே வந்து மரத்தடியில் பேசிக்கொள்கிறார்கள். இதை மரியாதை என்று சொல்வது தவறு, இது பயம். ஆசிரியரை மதிப்பவர் செய்ய வேண்டியது, "ஐயா, மூன்றாம் வரியில் குறி சரிதானா?" என்று கேட்பது.

பயம் ஏன் வருகிறது என்பதையும் நம் பேராசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். என்னோடு பள்ளியில் படித்த நண்பன் ஒருவன் பாடத்தை உரக்கப் படிக்கும்போது மழையை "மளை" என்றான். ஆசிரியர் அவனை மூன்று முறை அதையே சொல்ல வைத்தார். ஒவ்வொரு முறையும் வகுப்பு சிரித்தது. அன்றைக்குப் பிறகு அவன் எந்த வகுப்பிலும் வாய் திறந்து கேள்வி கேட்டு நான் பார்க்கவில்லை. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். ஒரு ழகரத்தைத் திருத்தப் போய் ஒரு மாணவனை இழந்தோம். வகுப்பு முடிந்ததும் அருகில் அழைத்து, நாக்கை எங்கே மடிப்பது என்று காட்டியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

திருவள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், அவையறிதலுக்கும் அவையஞ்சாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். சொல்லத் தெரிந்தால் மட்டும் போதாது. இடம் தெரிய வேண்டும், அஞ்சாமையும் வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

எனவே மாணவத் தோழர்களே, ஒருவர் சொல்வது தவறென்று தோன்றினால் முதலில் இரண்டு கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்வோம். இதை இப்படியே விட்டால் யாருக்குத் தீங்கு? இவர் இதை நம்பக் காரணம் என்ன? தீங்கில்லை என்றால் பொறுத்திருந்து தனிமையில் சொல்லலாம். தீங்குண்டு என்றால், எதிரில் இருப்பவர் எவ்வளவு பெரியவரானாலும் அங்கேயே சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கே சொன்னாலும் கருத்தை மறுப்போம். ஆளை மறுக்க வேண்டாம். "நான் பி.எஸ்ஸி. படிக்கிறேன்" என்பதைச் சான்றாகக் காட்ட வேண்டாம், அவர் தம் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றைக் காட்டுவோம். நம்மை ஒருவர் அப்படித் திருத்த வந்தால், அவர் வயதையும் படிப்பையும் பார்க்காமல் காது கொடுப்போம்.

பட்டத்தோடு நாம் வீடு திரும்பும் நாளில், ஊரார் நம்மிடம் வாதாட வரமாட்டார்கள். சந்தேகம் கேட்க வருவார்கள். நாம் இன்று பேசும் முறையைப் பொறுத்தே அன்று அவர்கள் வருவதும் வராமல் போவதும்.