மோசடி மின்னஞ்சல் வந்து சேருது, புகார் மட்டும் ஏன் திரும்பி வருது?

உங்கள் வங்கியின் பெயரில் ஒரு போலி இணைப்பு வருகிறது. அதில் சிக்காமல், அந்தத் தளத்துக்கு இடம் கொடுத்திருக்கும் நிறுவனத்துக்குப் புகார் அனுப்புகிறீர்கள். சில விநாடிகளில் 550 என்ற பிழை எண்ணுடன் அது திரும்பி வருகிறது. காரணம்? உங்கள் புகார்தான் ஸ்பேமாம்!

நெட்வொர்க் நிறுவனங்கள் 'அபியூஸ்' என்று தொடங்கும் புகார் முகவரியை வைத்திருக்கும் வழக்கத்தை 1997இல் வெளியான ஆர்எஃப்சி 2142 ஆவணம் வகுத்தது. முகவரி இருக்கு. சிக்கல் அதற்கு முன்னால் நிற்கும் வடிகட்டியில்தான்.

நல்ல புகாரில் மோசடி இணைப்பு இருக்கும். வந்த மின்னஞ்சல் அப்படியே இருக்கும். அது எந்தெந்த சர்வர் வழியாக வந்தது என்ற விவரமும் இருக்கும். வடிகட்டி தேடுவதும் அதையேதான். ஆதாரம் முழுமையாக இருந்தால், புகார் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம்.

திரும்பி வந்தால்கூடப் பரவாயில்லை, நமக்குத் தெரிந்துவிடும். சில வடிகட்டிகள் சத்தமே இல்லாமல் அதை ஸ்பேம் பெட்டியில் போட்டுவிடும். நீங்கள் பதிலுக்குக் காத்திருப்பீர்கள். நிறுவனத்துக்கோ புகார் வந்ததே தெரியாது. போலித் தளம் கடவுச்சொற்களைத் திருடிக்கொண்டே இருக்கும்.

வடிகட்டியை எடுத்துவிடலாமா? எல்லாருக்கும் தெரிந்த முகவரி என்பதால் குப்பை குவிந்துவிடும். சந்தேகம் இருந்தால் குறியிட்டு மனிதர் பார்வைக்கு அனுப்புவதே சரி, நிராகரிப்பது அல்ல. இணையப் படிவம் தனி நபருக்குச் சரிப்படும். தினமும் நூற்றுக்கணக்கில் புகார் அனுப்பும் பாதுகாப்புக் குழுக்களுக்கு?

விதிகள் இல்லாமல் இல்லை. சிங்கப்பூர், மலேசியா உட்பட ஆசிய பசிபிக் வட்டாரத்தின் ஐபி முகவரிகளை நிர்வகிக்கும் ஏப்னிக், 2019 முதல் புகார் முகவரிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கிறது. ஆனால் சோதனைக்குப் போவது சுத்தமான மின்னஞ்சல். அதில் மோசடி இணைப்பு ஏதும் இருக்காதே! இணையப் பெயர்களைப் பதிவுசெய்யும் நிறுவனங்களுக்கு, புகார் கிடைத்ததை உறுதிப்படுத்த வேண்டும் என்ற ஐகேனின் விதி 2024 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. இது கொஞ்சம் உருப்படியான மாற்றம்.

அடுத்த முறை புகார் அனுப்பும்போது இணைப்பில் உள்ள புள்ளியை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். கிளிக் செய்ய முடியாது, வடிகட்டியும் பெரும்பாலும் விட்டுவிடும். சிங்கப்பூரில் இருப்பவர்கள் ஸ்கேம்‌ஷீல்டு செயலியிலும் தெரிவிக்கலாம். மோசடியா இல்லையா என்று சந்தேகம் இருந்தால் 1799ஐ அழைக்கலாம்.