பின்வரிசைக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?



மாலை வேளையில் பிள்ளை ஆடும் காற்பந்தாட்டத்தைப் பார்க்கத் திடலுக்குப் போய்வரும் பெற்றோர் நம்மில் பலர் உண்டு. பள்ளிக் குழு, கல்லூரிக் குழு, தாமான் குழு என்று எதுவாக இருந்தாலும், தோற்றுத் திரும்பும் வழியில் பேச்சு ஒன்றுதான். "முன்னால் ஆடிய பையன்கள் நன்றாகத்தான் ஆடினார்கள். பின்னால் நின்றவர்கள்தான் கெடுத்துவிட்டார்கள். கடைசி 20 நிமிடத்தில் 3 கோல்! கால் நகரவே இல்லையே!"

பாவம், அந்தப் பின்வரிசைப் பையன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வருவான். வீட்டுக்கு வந்ததும் காலணியை மூலையில் எறிந்துவிட்டு, "இனிமேல் நான் ஆடப் போவதில்லை அம்மா" என்பான். அந்த அம்மாவுக்காகத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

கூரை ஒழுகும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே அடைமழை. உள்ளே ஒருத்தி துணியும் கையுமாகத் தரையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். ஒரு மணி நேரம் துடைத்தவள் களைத்துப்போய்க் குந்தியதும், "என்ன இது, தரையெல்லாம் ஈரம்?" என்று அவளைப் பார்த்துக் கேட்டால் எப்படி இருக்கும்? கூரையில் ஏறி ஓட்டையை அடைக்க வேண்டியவர் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. காற்பந்திலும் இதே கதைதான். பின்வரிசை களைத்துப்போவதற்கான காரணத்தை நான் பெரும்பாலும் முன்வரிசையில்தான் தேடுவேன்.

கணக்கைப் பாருங்களேன். ஆட்டம் 90 நிமிடம் என்கிறோம். பந்து வெளியே போவது, தவறுக்கு விசில் ஊதுவது, அடிபட்டுப் படுப்பது எல்லாம் போக, பெரிய தொழில்முறை ஆட்டங்களில்கூடப் பந்து உண்மையில் உருளும் நேரம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. இரு குழுக்களும் சரிபாதியாக வைத்திருந்தால் ஆளுக்கு அரை மணிதான். நம் முன்வரிசைப் பிள்ளைகள் பந்து காலுக்கு வந்ததும் இரண்டாவது தட்டிலேயே அதை இழந்தால், நம்மிடம் அது 15 அல்லது 20 நிமிடம் இருந்தாலே அதிகம். மிச்ச நேரமெல்லாம் எதிரியின் காலில். அவ்வளவு நேரமும் நம் பின்வரிசை 4 பேரும் ஓடியாக வேண்டும்.

அந்த ஓட்டமும் சாதாரண ஓட்டமல்ல. தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். அவர்களில் அதிகம் ஓடுகிறவர் மத்தியத் திடல் ஆட்டக்காரர். குறைவாக ஓடுகிறவர், கோல் காவலரை விட்டுப் பார்த்தால், நடுப் பின்வரிசைக்காரர். பிறகு ஏன் அவருக்குக் களைப்பு? தாக்குகிறவன் தனக்குத் தோன்றிய நேரத்தில், தான் நினைத்த திசையில் ஓடுகிறான். தடுக்கிறவன் அவன் எப்போது கிளம்புவானோ, எந்தப் பக்கம் திரும்புவானோ என்று காத்திருந்து, பின்னோக்கி நடந்து, சட்டென்று திரும்பிப் பாய்ந்து, எகிறித் தலையால் முட்டி, விழுந்து எழுந்து மறுபடி நிற்க வேண்டும். நின்று நின்று பாயும் இந்த வேலை தொடையை வாட்டிவிடும். அதோடு கண்ணுக்கும் மூளைக்கும் ஓய்வே கிடையாது. கடைசிக் கால் மணி நேரத்தில் உலகெங்கும் கோல்கள் அதிகம் விழுவது இதனால்தான்: கால் போகும் முன்பே கவனம் போய்விடுகிறது.

இதில் வேடிக்கை பார்க்கும் நமக்கும் பங்கு உண்டு. பின்வரிசைப் பையன் காலில் பந்து வந்ததும் திடலைச் சுற்றி நிற்கும் நாம் என்ன கத்துகிறோம்? "தூக்கி அடிடா!" அவனும் வானத்தைப் பார்த்து ஓர் உதை விடுகிறான். பந்து பாதித் திடலைத் தாண்டிப் பறக்கிறது. எல்லாரும் கை தட்டுகிறோம். அங்கே நம் ஆள் யாரும் இல்லை; எதிர்க்குழுவின் பின்வரிசைக்காரன் சாவகாசமாக நெஞ்சில் வாங்கி, 5 விநாடியில் மறுபடி நம் பக்கம் அனுப்பிவிடுகிறான். பக்கத்தில் நின்ற தோழனுக்கு அமைதியாகத் தட்டிவிடும் பையனுக்கோ ஒரு கைதட்டலும் கிடையாது. "என்னடா விளையாடிக்கொண்டு நிற்கிறாய்!" என்ற அதட்டல்தான் கிடைக்கிறது.

அந்தக் காலத்தில் நம் தோட்டத்துத் திடல்களில் ஆடியவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. மூச்சு வாங்கினால் பந்தைப் பின்னால் கோல் காவலருக்குத் தட்டிவிடலாம். அவர் கையில் எடுத்து, இரண்டு தட்டுத் தட்டி, நிதானமாக உருட்டிவிடுவார். அதற்குள் எல்லாரும் இடுப்பில் கை வைத்து மூச்சு விட்டுக்கொள்வார்கள். 1992-இல் விதியை மாற்றிவிட்டார்கள். தன் குழுவினர் வேண்டுமென்றே காலால் தட்டிவிட்ட பந்தைக் கோல் காவலர் கையால் தொடக்கூடாது. ஆட்டம் விறுவிறுப்பானது என்பது உண்மை. ஆனால் பின்வரிசைக்கு இருந்த ஒரே நாற்காலியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பழைய ஆட்டக்காரர்களான மாமாமார் "எங்கள் காலத்தில் 90 நிமிடமும் ஓடினோம்" என்று சொல்லும்போது இதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். யு.ஐ.டி.எம். என்று நாம் அழைக்கும் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் குழு 2020-இல் மலேசிய சூப்பர் லீக்கில் நுழைந்தது. நாட்டின் உச்ச லீக்கில் ஆடிய முதல் பல்கலைக்கழகக் குழு அது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் துணைக்கு இருந்தார்கள். முதல் ஆண்டிலேயே 6-வது இடம்! நாடே வியந்தது. ஆனால் அந்த ஆண்டு கோவிட் நோயால் லீக் பாதியாகச் சுருங்கி, ஒவ்வொரு குழுவும் 11 ஆட்டங்களே ஆடின. 2021-இல் மறுபடி 22 ஆட்டங்கள். ஊரடங்கால் நடுவில் நின்று நின்று நடந்த அந்தப் பருவத்தின் முடிவில் யு.ஐ.டி.எம். 12-வது, அதாவது கடைசி. 11 ஆட்டம் தாக்குப்பிடிக்கிற குழு வேறு, 22 ஆட்டம் தாக்குப்பிடிக்கிற குழு வேறு. முதல் 11 பேர் களைத்தபின் அவர்கள் இடத்தில் நிற்க இன்னொரு 11 பேர் வேண்டும். கல்லூரிக் குழுக்கள் தடுமாறுவது இங்கேதான்.

அதே 2021-இல் அதற்கு மேலே, 11-வது இடத்தில் நின்று கூடவே கீழ் லீக்குக்கு இறங்கியது எது தெரியுமா? நம் பேராக்! 2018-இல் மலேசியக் கிண்ணத்தைத் தூக்கிய குழு; 2020-இல் 4-வது இடம் பெற்ற குழு. ஈப்போ அரங்கில் தொண்டை கிழியக் கத்தியவர்களுக்கு அந்த வலி தெரியும். சம்பளப் பாக்கி பற்றிய செய்திகள் அப்போது நாளேடுகளில் அடிபட்டன. 2018-இல் கிண்ணம் வென்றவர்களில் பிரெண்டன் கான் சிலாங்கூருக்குப் போனார். பின்வரிசைத் தூணான ஷாருல் சாட் ஜொகூருக்குப் போனார். மத்தியத் திடலில் பின்வரிசைக்கு முன் அரணாக நின்ற நம் கென்னி பால்ராஜ் பின்னர் கோலாலம்பூர் சிட்டிக்குப் போனார். முன் அரண் போனபின் பின் அரண் மட்டும் எத்தனை நாள் நிற்கும்? மாதச் சம்பளம் வராத ஆளின் காலில் வேகம் எங்கிருந்து வரும்? மூன்று மாதக் கூலியை நிறுத்தி வைத்துவிட்டு, பால்மரம் வெட்டப் போ என்றால் நாம் போவோமா?

இன்னும் பழைய கதை ஒன்று. 1972 முனிச் ஒலிம்பிக்கில் மலேசியா ஆடியது. எம். சந்திரன், சோ சின் ஆன் போன்ற பெயர்பெற்ற தற்காப்பு ஆட்டக்காரர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஆகஸ்ட் 27-இல் மேற்கு ஜெர்மனியிடம் 0-3. ஒரு நாள் இடைவெளி விட்டு 29-இல் அமெரிக்காவை 3-0 என்று வென்றார்கள். மறுபடி ஒரே நாள் இடைவெளி. 31-இல் மொரோக்கோவிடம் 0-6. ஐந்து நாளில் மூன்று ஆட்டம்! களைப்பு மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் முன்வரிசை 3 கோல் போட்ட அந்த ஒரு நாளில்தான் பின்வரிசையும் ஒரு கோலும் விடாமல் நின்றது என்பதைக் கவனியுங்கள். நம் கல்லூரிப் போட்டிகளிலும் ஒரே வாரக் கடைசியில் இரண்டு, மூன்று ஆட்டம் வைத்துவிடுகிறார்கள். செலவு மிச்சம்தான், யார் இல்லை என்றது!

ஆள் மாற்றும் விதியும் தளர்ந்திருக்கிறது. உலகக் கிண்ணத்தில் 1970-இல்தான் முதன்முதலாக ஆள் மாற்ற விட்டார்கள், அதுவும் 2 பேரை. பிறகு அது 3 ஆனது. 2020 முதல் 5 பேரை மாற்றலாம். அப்படியிருந்தும் பயிற்றுநர்கள் பெரும்பாலும் முன்வரிசையைத்தான் மாற்றுகிறார்கள். நடுப் பின்வரிசைக்காரரை அடிபட்டால் ஒழியத் தொடுவதில்லை. புதுக் காலோடு வந்த எதிரி முன்வரிசைக்காரனை, 70 நிமிடம் ஓடிய பழைய கால் துரத்துகிறது.

இனி வீட்டுப் பக்கம் வருவோம். அப்பா, தாத்தா காலத்தில் விடியுமுன் பெரட்டுக்குப் போய், 400, 500 மரம் வெட்டி, பால் தூக்கி, மாலையில் பந்து ஆடினார்கள். உடம்பு இரும்பு என்று பெருமைப்படுகிறோம். மாலையில் கால் பிடித்துக்கொண்டு புரண்டதை மறந்துவிடுகிறோம். இன்றைய பிள்ளை கல்லூரி முடிந்து இரவு வரை கடையில் பகுதிநேர வேலை பார்க்கிறான். தூக்கம் 5 மணி நேரம். காலையில் தே தாரிக்கும் ஒரு ரொட்டி சானாயும். பகலில் காசை மிச்சம் பிடித்துப் பட்டினி. 5 மணிக்கு ஆட்டம். இரண்டாம் பாதியில் அவன் கால் நகராததற்குத் திறமைக் குறைவைக் காரணம் சொல்ல முடியுமா?

ஆட்டத்துக்கு 3 மணி நேரம் முன்பு வயிறாரச் சோறு போடுங்கள். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். கிளம்புமுன் ஒரு வாழைப்பழம். ஆட்டத்தின் நடுவே தண்ணீர் குடித்தால் வயிறு பிடிக்கும் என்று பழைய ஆட்கள் பயமுறுத்துவார்கள், கேட்காதீர்கள். ஈப்போ வெயிலில் காற்றில் ஈரம் மிகுதி. வேர்வை எளிதில் உலராது, உடம்புச் சூடு இறங்காது. இடைவேளையிலும் பந்து வெளியே போகும் போதும் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். பையன் தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ, வாந்தி எடுத்தாலோ களைப்பு என்று விட்டுவிடாமல் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். வெப்பத் தாக்கு ஆளைக் கொல்லும்.

அடுத்த ஆட்டத்துக்குப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள் அம்மா. நம் முன்வரிசைக்குப் பந்து போகிற ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். எதிரியிடம் பந்து போனதும் நிறுத்துங்கள். நான்கு, ஐந்துக்குமேல் எண்ணிக்கை போகவில்லை என்றால், வீட்டுக்காரர் திரும்பும் வழியில் பேச்சைத் தொடங்குமுன் நீங்கள் அந்தக் கணக்கை அவரிடம் சொல்லிவிடுங்கள். பையனும் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வரட்டும்.