சிறுநீர்த் தொற்றும் செயலிழக்கும் மருந்துகளும்: புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி முதல்வருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,

தங்கள் மருத்துவமனையின் ஆய்வகத்தில் நோயாளிகளின் சிறுநீரைக் கல்ச்சர் செய்து, அதில் வளர்ந்த கிருமி இன்னது, அது இன்ன மருந்துக்கு அடங்கும், இன்ன மருந்துக்கு அடங்காது என்று எழுதித் தரப்படும் முடிவுகள், அந்தந்த நோயாளியின் கேஸ் ஷீட்டிலேயே முடங்கிவிடாமல், ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றாகத் தொகுக்கப்பெற்று, இம்மாவட்டத்தில் வைத்தியம் பார்க்கும் ஒவ்வொருவர் கையிலும் ஒற்றைத் தாளாகச் சென்று சேர வேண்டும் என்று விண்ணப்பிப்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

விண்ணப்பம் சிறியது, அதன் பின்னே நிற்கும் அபாயம் சிறியதன்று. 2008-ஆம் ஆண்டில், நம் நாட்டு மருத்துவமனையில் சிகிச்சை பெற்று ஸ்வீடனுக்குத் திரும்பிய இந்திய வம்சாவளியினர் ஒருவருடைய சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்ட கிளெப்சியெல்லா என்னும் கிருமி, வேறெதுவும் பலிக்காதபோது கையாள்வதற்கென்று வைத்தியர்கள் பத்திரப்படுத்தி வைத்திருந்த கார்பாபெனம் வகை மருந்துகளையே சிதைத்துவிடும் என்டிஎம்-1 என்ற நொதியைச் சுரந்துகொண்டிருந்தது. இரண்டாண்டு கழித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியும் பிற நாட்டு ஆராய்ச்சியாளர்களும் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வெளியிட்ட கட்டுரை, சென்னையில் 44, ஹரியாணாவில் 26, பிரிட்டனில் 37 என்று அதே நொதியுள்ள கிருமிகளைக் கணக்கிட்டுக் காட்டியது. அவற்றுள் பெரும்பாலானவற்றை அடக்க கோலிஸ்டின், டைகிசைக்ளின் என்னும் இரண்டு மருந்துகளே மிஞ்சியிருந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவின் நான்கு சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடந்த கிருமிகள் மட்டுமல்ல அவை; நம் நாட்டில் அவற்றுள் பல, வெளியே இருந்த ஜனங்களுக்கு வந்த சாதாரண சிறுநீர்த் தொற்றுகளிலிருந்தும் கிடைத்தவை என்பதே என்னைப் பெரிதும் கலங்கச் செய்த செய்தி.

அதன் பிறகு காரியங்கள் நடக்காமலில்லை. 2012-இல் பல மருத்துவ சங்கங்கள் கூடி, மருந்துக்கு அடங்காத கிருமிகளை எதிர்கொள்வது பற்றிய சென்னைப் பிரகடனத்தை வெளியிட்டன. 2014 மார்ச் முதல் நாளிலிருந்து செஃப்ட்ரையாக்சோன், மெரோபெனம் முதலிய 24 ஆன்டிபயாட்டிக்குகள் மருந்து விதிகளின் எச்-1 அட்டவணையில் அடங்கின. சீட்டு எழுதிய வைத்தியர் பெயரையும் நோயாளியின் பெயரையும் மெடிக்கல் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து, அதனை மூன்றாண்டு காலம் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டமாயிற்று. சட்டம் கடையின் வாசலில் நின்று தடுக்க வல்லது. நோயாளியின் படுக்கையருகே நின்று, இவருக்கு எந்த மருந்து என்று தீர்மானிக்கும் வைத்தியருக்கு அது ஒன்றும் சொல்வதில்லை.

அந்தத் தீர்மானம் இங்கே எத்தகைய சூழ்நிலையில் எடுக்கப்படுகிறது என்பதைத் தாங்கள் என்னைவிட நன்கறிவீர்கள். ஆதனக்கோட்டைச் சாலையோரத்தில் அடுப்பின் முன் அமர்ந்து முந்திரிக்கொட்டை வறுக்கும் பெண், ஒதுங்குவதற்கு இடமில்லாத காரணத்தால் தாகத்தையும் அடக்கி, சிறுநீரையும் அடக்கிப் பொழுதைக் கழிக்கிறாள். நீர்க்கடுப்பு வந்தால் சூடு என்று எண்ணி முதலில் இளநீரும் வெந்தயமும் தேடுகிறாள். பிறகு மெடிக்கலில் இரண்டு நாளைக்கு மாத்திரை வாங்கி, எரிச்சல் தணிந்ததும் நிறுத்திவிடுகிறாள். காய்ச்சலும் விலாவலியுமாக அவள் மருத்துவமனைக்கு வந்து சேரும் நேரத்தில், அவளது சிறுநீரில் இருப்பது எளிய மருந்துகளின் தாக்குதலுக்குத் தப்பிப் பிழைத்த கிருமி. கல்ச்சர் முடிவு வர ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும்; வைத்தியரால் அதுவரை காத்திருக்க இயலாது. ஆகவே அவர் ஊகிக்கிறார். அந்த ஊகத்துக்கு எது ஆதாரம் என்பதுதான் நான் தங்கள் முன் வைக்கும் கேள்வி.

பழக்கம் ஆதாரமானால், சிப்ரோஃப்ளாக்சசின் போன்று பெரும்பாலான கிருமிகளிடம் தோற்றுப்போன மருந்தே திரும்பத் திரும்பச் சீட்டில் ஏறும். அச்சம் ஆதாரமானால், முதல் நாளே கார்பாபெனம் வகையைச் சேர்ந்த மெரோபெனம் ஏறும். அந்த அச்சத்தைக் குறைசொல்வதற்கும் இல்லை: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு அறிக்கைகளின்படி, அதே வகையைச் சேர்ந்த இமிபெனம் மருந்துக்கு 2017-இல் நூற்றுக்கு 81 அளவில் அடங்கிய இ.கோலை என்னும் கிருமி, 2023-இல் ஏறத்தாழ 63 அளவிலேயே அடங்கியது. ஆயினும் இந்தக் கணக்குகள் பெரும்பாலும் வேலூர், டெல்லி, சண்டிகர் போன்ற ஊர்களின் மாபெரும் மருத்துவமனைகளிலிருந்து, அதாவது பல ஆஸ்பத்திரிகளில் பல மருந்துகளைக் கண்டுவிட்டு வந்த நோயாளிகளிடமிருந்து திரட்டப்பட்டவை என்பதை நாம் மறக்கலாகாது. அவற்றை வைத்துக்கொண்டு ஆலங்குடியிலோ கீரனூரிலோ முதன்முதலாக நீர்க்கடுப்பு கண்ட ஒருத்திக்கு ஊசி போடுவது, வெளியூர் ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்து நம்மூர்க் கண்மாயின் மடையைத் திறப்பதற்கு ஒப்பாகும். 1950-களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்ட நைட்ரோஃப்யூரன்டாயினும், ஒரே வேளை குடித்தால் போதுமான ஃபாஸ்ஃபோமைசினும், சிறுநீர்ப்பையோடு நின்றுவிட்ட தொற்றுகளில் இன்றும் நன்றாகவே பலிக்கின்றன. நம் மாவட்டத்தில் அவை எந்த அளவுக்குப் பலிக்கின்றன என்று தெரிந்தால், சிறுநீரகத்தை எட்டாத தொற்றுக்கு அவற்றை எழுத இளம் வைத்தியருக்கும் தைரியம் பிறக்கும்.

இதே புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மருத்துவம் பயில்வதற்குச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. 2017 முதல் மருத்துவக் கல்லூரி இம்மண்ணிலேயே இருக்கிறது. நம் கிருமிகளின் கணக்கை நாமே எடுப்பதற்கு வேண்டிய ஆய்வகமும் ஆசிரியர்களும் மாணவர்களும் ஓரிடத்தில் வாய்த்திருக்கிறார்கள். கணக்கெடுக்கும் முறையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று: ஒரு நோயாளியிடமிருந்து பலமுறை வளர்ந்த கிருமியில் முதலாவதை மட்டும் எண்ணுதல், முப்பதுக்குக் குறைவாகக் கிடைத்த கிருமிக்குச் சதவீதம் சொல்லாதிருத்தல், வெளிநோயாளிகளையும் வார்டில் இருப்போரையும் தனித்தனியே காட்டுதல். இந்த மூன்றாவதை விட்டுவிட்டால் தாளின் பயன் பாதி போய்விடும். கேரளம் தன் மாநிலம் முழுமைக்குமே ஆன்டிபயோகிராம் என்னும் இத்தகைய கணக்கை வெளியிடத் தொடங்கியிருக்கும்போது, ஒரு மாவட்டத்தின் கணக்கு நமக்கு இயலாத காரியமாக இருக்க முடியாது.

கணக்கு மெய்யாக இருக்க வேண்டுமானால் மாதிரி மெய்யாக இருக்க வேண்டும். முதல் ஊசிக்கு முன்பே சிறுநீர் எடுக்கப்பட வேண்டும். நடுப்பகுதிச் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். இயலாவிட்டால் குளிரில் வைக்க வேண்டும். நம்மூர்ச் சித்திரை வெயிலில் மேஜைமேல் மறந்துவிடப்பட்ட டப்பாவில், நோயே இல்லாதவருடைய சிறுநீரும் மில்லிலிட்டருக்கு லட்சம் கிருமி என்ற எல்லையைத் தாண்டிவிடும். அவருக்கு வேண்டாத மருந்து ஏறும். அறந்தாங்கியிலிருந்தும் பொன்னமராவதியிலிருந்தும் மாதிரிகள் வருமாயின், ஐஸ் பெட்டி என்பது ஆடம்பரமன்று, அவசியம்.

வேண்டாத மருந்துக்கு மற்றொரு வாசலான யூரின் டியூப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பக்கவாதத்தில் விழுந்த அப்பத்தாவுக்கும் இடுப்பெலும்பு முறிந்த பெரியவருக்கும் பொருத்தப்படும் அந்தக் குழாய், உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு மூன்று முதல் ஏழு பேருக்குச் சிறுநீரில் புதிதாகக் கிருமி சேருவதற்கு வழி செய்கிறது. ஒரு மாதம் இருந்துவிட்டால் ஏறத்தாழ எல்லோருக்கும் சேர்ந்துவிடும். அப்படிச் சேர்ந்த கிருமியெல்லாம் நோயாகிவிடாது. காய்ச்சலோ வலியோ பிற குறியோ இன்றிக் கலங்கலாக மட்டும் போகும் சிறுநீருக்காக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதனால் நோயாளிக்கு நன்மை இல்லை. முரட்டுக் கிருமி வளர்வதற்கே அது இடம் தருகிறது. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப்பாதையில் அறுவை செய்துகொள்ளப் போகிறவர்களும் இதற்கு முக்கியமான விலக்கு. ஆகையால் ஒவ்வொரு நாள் காலையிலும் வார்டைச் சுற்றி வரும் வைத்தியர், இவருக்கு இந்த டியூப் இன்றும் வேண்டுமா என்று கேட்டு, விடையைக் கேஸ் ஷீட்டில் எழுதுவதை ஒரு நியமமாக்குங்கள். வேண்டாம் என்று தெரிந்தவுடன் செவிலியரே அதை எடுத்துவிடவும் அதிகாரம் அளியுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டோடு பராமரிக்கப்படும் படுக்கை நோயாளிகளுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

இவற்றுள் சில தங்கள் வார்டுகளில் முன்பே நடைமுறையில் இருக்கக்கூடும். அவ்வாறாயின் எனது மகிழ்ச்சியைத் தெரிவித்துக்கொள்கிறேன். அப்போதும் அவற்றின் பலன் மருத்துவமனை மதிலுக்குள் நின்றுவிடலாகாது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும், தனியார் கிளினிக்குகளுக்கும், இந்திய மருத்துவ சங்கத்தின் கிளைக்கும் அந்தத் தாள் போக வேண்டும். பொதுமக்களுக்கென்று எளிய தமிழில் எழுதிய அரைப்பக்கக் குறிப்பு ஒன்றும் அதனுடன் சேர வேண்டும். ஆண்டுதோறும் நவம்பர் 18 முதல் 24 வரை உலக மருந்தெதிர்ப்பு (ஏஎம்ஆர்) விழிப்புணர்வு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. வருகிற நவம்பரில், அந்த வாரத்துக்குள், புதுக்கோட்டை மாவட்டத்தின் முதல் சிறுநீர்க் கல்ச்சர்த் தொகுப்பைத் தாங்கள் வெளியிட்டருள வேண்டும் என்று பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
புதுக்கோட்டைக் குடிமகன் ஒருவன்