பத்து ரூபாயும் பயானும்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டை அடைந்து, காப்பித் தோட்டங்களின் வழியே கரடியூர் காட்சிமுனைக்குச் செல்வது, பெருநாள் விடுமுறையில் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு வழக்கமாகிவிட்டது. அதில் குற்றமில்லை, அல்லாஹ்வின் படைப்பைக் கண்டு வியப்பதும் நன்மையே. ஆனால் தேக்சாவைத் திறந்து பிரியாணி பரிமாறி உண்டு முடித்தபின் நாம் அங்கே விட்டு வருவது என்ன? தெர்மாகோல் தட்டு, நெகிழிக் குவளை, பாதி குடித்த தண்ணீர் பாட்டில். காற்று அவற்றைச் சரிவில் தள்ளுகிறது. நாம் பயண துஆவை ஓதி வண்டியேறுகிறோம்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. தூய்மை ஈமானின் பாதி என்று நினைவூட்டாத கதீபும் இல்லை. சட்டமும் தெரியும், மார்க்கமும் தெரியும். ஆயினும் கை மாறவில்லை.

மாறிய கை ஒன்று உண்டு. சொல்லவே நாக் கூசுகிறது: அது மது அருந்துபவனின் கை. காலி மதுப்புட்டிகள் காட்டில் உடைந்து விலங்குகளின் கால்களைக் கிழிப்பதைக் கண்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022 மே மாதம் நீலகிரியில் ஓர் ஏற்பாடு தொடங்கியது. ஒவ்வொரு புட்டிக்கும் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அதைத் திரும்பக் கொடுத்தார்கள். பின்னர் ஏற்காடு உள்ளிட்ட பிற மலைப்பகுதிகளுக்கும் அது விரிந்தது. புட்டிகள் பெருமளவில் திரும்பி வந்தன. குடித்தவன் திருந்தினான் என்று யாரும் சொல்லவில்லை. அவன் எறிந்தாலும் பத்து ரூபாய்க்காக வேறொருவர் பொறுக்கினார், அவ்வளவுதான். ஹராமான ஒன்றின் வியாபாரத்தைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. போதையில் இருப்பவனிடம்கூட எடுபடும் ஒரு வழிமுறை, தொழுகையாளிகளான நம் வலீமா மண்டபங்களில் ஏன் இல்லை என்பதே நம் கேள்வி.

சூழல் பேணுதல் என்றாலே மூங்கில் பல்துலக்கி, விலையுயர்ந்த இயற்கைச் சோப்பு என்று வசதி படைத்தோரின் பொழுதுபோக்காகக் காட்டுகிறார்கள். அது நடுத்தரக் குடும்பத்தை விரட்டும் பேச்சு. நம் உம்மாமார்கள் செலவில்லாமல் இதைச் செய்தார்கள். நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளி பள்ளிவாசலுக்குப் போகும், கழுவி மறுநாளும் போகும். இன்றோ கொதிக்கும் கஞ்சியை மெல்லிய நெகிழிப் பையில் ஊற்றி ரப்பர் வளையம் போட்டுக் கொடுக்கிறோம். அது உடலுக்கும் கேடு. பை போய்ச் சேர்வதோ சாக்கடைக்கு.

உளூவைப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ நீரில், அதாவது இரு கைகளும் சேர்ந்து கொள்ளும் அளவில், உளூச் செய்ததை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. நம் குழாய் அதைச் சில நொடிகளில் கொட்டிவிடுகிறது. இஸ்ராஃப் பற்றி இன்னொரு பயான் தேவையில்லை. நிர்வாகம் குழாயின் வேகத்தைக் குறைத்து வைத்தால் போதும்.

“தட்டுக் கழுவ ஆளில்லை, தண்ணீரும் வீண்” என்பார்கள். நியாயமான மறுப்புத்தான். ஆனால் நால்வர் ஐவர் சுற்றியமர்ந்து உண்ணும் சஹன், ஐந்து தட்டுக்குப் பதில் ஒரே கழுவல். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அது விருந்தின் கௌரவம். சிக்கனம் என்று அங்கு எவரும் முகம் சுளிப்பதில்லை. ஜமாஅத்துகள் சஹன்களையும் எவர்சில்வர் குவளைகளையும் வாங்கி வைத்து, முன்பணம் பெற்றுக் கொடுக்கட்டும். எண்ணிக்கை சரியாகத் திரும்பினால் பணமும் திரும்பட்டும்.

அடுத்த பெருநாளுக்குக் கரடியூர் போவோர் தேக்சாவோடு இரண்டு சஹன்களையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம். மேலே கழுவத் தண்ணீர் தேட வேண்டாம். வழித்துத் துடைத்துப் பழைய துணியில் சுற்றி வீட்டுக்கே கொண்டுவந்தால் ஆயிற்று.